மூன்று முறை பறிபோன கத்தரிக்கோல்

"ஊர்ல இருக்கிற தலையெல்லாம் வெட்டுறீங்க, உங்க தலை மட்டும் நரைச்ச குருவிக்கூடு! மாப்பிள்ளை என்ன நினைப்பார்?" வாசலில் நின்று மனைவி செய்த அர்ச்சனையில், முடிதிருத்துபவர் பழக்கதோஷமாகக் கத்தரிக்கோலைக் கைப்பையிலேயே போட்டுவிட்டார். மகளைப் பார்க்க மூன்று விமானம் மாறிப் போக வேண்டும்.

விமான நிலையத்தின் முதல் சோதனையிலேயே கத்தரிக்கோலைப் பிடுங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். விமானத்தில் ஏறியதும் அசந்து தூங்கிவிட்டார்.

விமானம் மாறும் இடத்தில் மறுபடியும் சோதனை. பெல்ட்டைக் கழற்றி, கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பையிலிருந்து அதே கத்தரிக்கோல் வந்தது. கைப்பிடியில் அவர் சுற்றிய சிவப்பு நூல். அலகில் இரண்டு நரைமுடி.

"இதைத்தான் அங்கேயே குடுத்துட்டேனே சார்!"

"அப்போ இது அது போட்ட குட்டியா?" என்று அதிகாரி அதையும் தொட்டியில் போட்டார்.

அடுத்த விமானத்திலும் நல்ல தூக்கம். மூன்றாவது சோதனையில் அவரே முந்திக்கொண்டு, "உள்ளே ஒரு கத்தரிக்கோல் இருக்கும் சார்" என்றார். இருந்தது. அலகில் இப்போது ஒரு கொத்து நரைமுடி. அதுவும் தொட்டிக்குள் போனது.

கடைசி விமானத்திலும் தூங்கித்தான் இறங்கினார். வரவேற்க வந்த மாப்பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மாமா, கிராப்பு பிரமாதம்! யார்கிட்ட வெட்டிக்கிட்டீங்க?"

முடிதிருத்துபவர் பின்கழுத்தைத் தடவினார். பவுடர் கையோடு வந்தது. யாருக்கு வெட்டினாலும் இடது காதோரம் ஒரு மயிரிழை மேலே தூக்கி வெட்டிவிடுவது அவர் கையின் பழைய குறை. மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். தூக்கித்தான் இருந்தது.