பட்டன்கள் போன வழி

"நம்ம பொழப்பை இவங்க தின்னுட்டாங்க சார்" என்று ஊரார் முறையிட்டதால், சட்டை, கால்சட்டைக் கம்பெனியில் பாஸ்போர்ட் இல்லாமல் தைத்துக்கொண்டிருந்த வெளிநாட்டார் எல்லோரையும் அதிகாரி ஏகாம்பரம் வேனில் ஏற்றி எல்லைக்கோட்டுக்கு அப்பால் அனுப்பினார். வேன் கோட்டைத் தாண்டியதுதான் தாமதம், அவர்கள் தைத்த பட்டன்களெல்லாம் ஊர் முழுக்கத் தெறித்து, வேனைத் தேடி உருண்டு போயின. கம்பெனி முதலாளி சட்டையைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். "கூப்பிடுங்கய்யா அவங்கள! கப்பல்ல ஏத்துன சட்டையெல்லாம் வாயப் பொளந்து கிடக்கு!" கையசைத்துக் கூப்பிட ஏகாம்பரத்துக்கு வழியில்லை, இரண்டு கைகளும் கால்சட்டையைப் பிடித்திருந்தன. வேன் தானாகவே நின்றது. ஜன்னலோரம் ஒரு பெண் ஊசியில் நூலைக் கோத்தாள். "இங்க வாங்க சார், தச்சுத் தர்றேன்." ஏகாம்பரம் எல்லைக்கோடு வரை நடந்தார். அவரிடமும் பாஸ்போர்ட் இல்லை.