இரண்டாம் பூச்சு

சிற்றூர் மருத்துவமனையின் வாயிலில் ஏணிமேல் நின்று, பலகை எழுதுபவர் புதிய மருத்துவரின் பெயரை நீல வண்ணத்தில் தீட்டிக்கொண்டிருக்கிறார். முற்பகல் வெயில் ஈர எழுத்துகளில் மின்னுகிறது. நகரத்திலிருந்து குடிவந்து ஐந்து மாதமே ஆன அந்த மருத்துவர் கீழே ஏணியைப் பிடித்தபடி நிற்கிறாள். அப்பலகையில் இதுவரை எல்லா மருத்துவர் பெயரையும் சாக்பீஸால் எழுதுவதே வழக்கம். வந்தவர் எவரும் நிலைத்ததில்லை. ஈரத்துணியால் ஒரு துடைப்புப் போதும்.

"ஏழு பேர என் கையாலயே அழிச்சிருக்கேன் டாக்டரம்மா," என்று வாசற்படியில் நின்று சிரிக்கிறாள் மூத்த செவிலி. "ஒருத்தர் பெட்டியக்கூடப் பிரிக்கல. நீங்கதான் வந்ததும் எலுமிச்சங்கன்னு வாங்கி நட்டீங்க. அன்னைக்கே இவருகிட்ட சொல்லிட்டேன், பெயின்ட் டப்பாவத் திறங்கண்ணேன்னு."

"இருபது வருஷ மழைக்கும் அசையாதும்மா," என்கிறார் மேலே நிற்பவர்.

யாருமறியாமல் மருத்துவர் தானே மன்றாடிப் பெற்ற இடமாற்ற உத்தரவு, காலை முதல் அவள் கைபேசியில் கிடக்கிறது. சொல்லிவிட வாய் திறந்தவள், ஏணியை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்கிறாள். அன்பர் சூட்டிய மாலையைத் தகுதியின்றி ஏற்றவள்போல் அவள் கழுத்துத் தாழ்கிறது. காதுமடல்கள் எரிகின்றன.

"நிமிர்ந்து பாத்துச் சொல்லுங்கம்மா, வரி கோணலா இருக்கா?"

அவள் நிமிரவில்லை. தன் செருப்பருகே சொட்டிய நீலத் துளியையே பார்த்தபடி, "நேராத்தான் இருக்குண்ணே," என்கிறாள். அந்த விடையில் மகிழ்ந்து, அவர் அவள் பெயரின்மேல் இரண்டாம் பூச்சைத் தொடங்குகிறார்.