சத்தம் போடாத பாடம்

"ஒரு வாரத்துக்குக்கூட வீடியோ இல்ல, டாக்டர் கசோண்டே! பன்னிரண்டு பாடமும் வெறும் எழுத்து. இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர்? நோட்டீஸ் அடிச்சு மரத்துல ஒட்டியிருக்கலாமே?"

லிகாண்டோ மேஜைமேல் இருந்த வழிகாட்டியைத் தட்டிக் காட்டினார். லுசாக்காவின் அந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் இணையத்தில் எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று எண்பது பக்கத்துக்கு எழுதி வைத்தவர் அவர்தான். வாரம் ஒரு வீடியோ. கேமராவில் முகம் காட்டி ஒரு நேரடி வகுப்பு. மீறினால் பாடம் வேறு ஆளுக்குப் போய்விடும். யார் யார் மீறினார்கள் என்ற அறிக்கையை அவர் இன்றைக்குள் மேலிடத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

ஆசிரியப் பயிற்சிப் பாடம் எடுக்கும் கசோண்டே அசரவில்லை.

"வீடியோ எடுக்கத் தெரியாம இல்ல சார். வேணும்னேதான் எடுக்கல."

"அடேங்கப்பா! ஏனாம்?"

"என் வகுப்புல ஒரு பொண்ணு இருக்கா. சத்தம் வந்தா அவளால படிக்க முடியாது. புருஷனுக்குத் தெரியாமப் படிக்கறா. பூசணிக் கீரை ஆயறப்போ கீரைக்கு நடுவுல போனை வச்சுக்கிட்டுப் படிக்கறவ அவ."

"காதுல மாட்டிக்கிட்டுக் கேட்க வேண்டியதுதானே?"

"மாட்டினா அவர் கூப்பிடறது காதுல விழாது. என்ன கேட்கறேன்னு எட்டிப் பார்த்துடுவார். முகம் காட்டற வகுப்புன்னா கேட்கவே வேண்டாம். அன்னிக்கே படிப்பை நிறுத்திடுவா."

"நூத்தி நாற்பது பேர்ல ஒருத்திக்காக விதியை மாத்தச் சொல்றீங்களா?"

"ஆமா சார்," என்றார் கசோண்டே.

லிகாண்டோ கண்ணாடியைக் கழற்றினார். கோபம் மெல்லத் திசை மாறியது.

"அந்த ஆளு குடிகாரனா?"

"சேச்சே! தங்கமான மனுஷர்."

"கை நீட்டுவானோ?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. இவ இருபது வயசுல ஆசிரியப் பயிற்சிக்குப் போய், முதல் வருஷமே பெயிலாகி வந்தவ. புருஷன் வீட்டுல நாலு பேர் கூடினா இன்னமும் அதைச் சொல்லித்தான் சிரிப்பாங்களாம். அவரும் சேர்ந்து சிரிப்பாராம். கெட்ட எண்ணத்துல இல்ல, விளையாட்டா. மறுபடியும் தோத்துட்டா அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாதுன்னு பயப்படறா. பாஸ் பண்ணி சர்டிபிகேட்டை அவர் கையில வச்சுட்டுத்தான் வாயைத் திறப்பாளாம்."

"விளையாட்டாவா? என்ன மடையன் அவன்! கூடவே இருக்கற பொண்டாட்டி மனசு நோகறது தெரியல, அவ படிக்கறதும் தெரியல. கண்ணை எங்கே அடகு வச்சிருக்கான்? என் கையில சிக்கினான்னா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்பேன்!"

கசோண்டேவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

"எப்படிப் படிக்கறா?" என்று லிகாண்டோ தணிந்த குரலில் கேட்டார்.

"முதல் அஞ்சு பேர்ல ஒருத்தி."

"அப்படிப் போடு!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. வழிகாட்டியைப் பிரித்துப் பேனாவால் ஒரு வரியை அடித்தார். ஓரத்தில் எழுதினார்: 'எழுத்துப் பாடம் மட்டும் கேட்கும் மாணவருக்கு அதுவே போதும். முகம் காட்டும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது.' கீழே கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார்.

"பாடம் உங்ககிட்டயே இருக்கட்டும். அந்தப் பொண்ணைத் தைரியமாப் படிக்கச் சொல்லுங்க. ஆமா, பேர் என்ன?"

"அதை மட்டும் கேட்காதீங்க சார்."

"சரி, கேட்கல."

எழுந்து போகையில் கசோண்டே கதவருகே ஒரு நொடி நின்றார். "நீங்க ரொம்ப நல்லவர் சார். அவகிட்டயும் இதைத்தான் சொல்லணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

லிகாண்டோ அன்று சீக்கிரமே வீடு திரும்பினார். யாரோ ஒரு பெண்ணின் படிப்பைக் காப்பாற்றிய நிறைவு மனத்துக்குள் இனித்தது. மனைவி நமுகோலோவிடம் சொல்ல வாயெடுத்தபடியே சமையலறைக்குள் நுழைந்தார். அவள் கொல்லையில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மேஜைமேல் அவளுடைய போன் மின்னியது. 'சடை பின்னும் அக்கா' என்ற பெயரில் ஒரு செய்தி. அவர் சும்மாதான் குனிந்து பார்த்தார்.

'நமுகோலோ, இனி வீடியோ வேண்டாம், முகமும் காட்ட வேண்டாம். உன் வீட்டுக்காரரே கையெழுத்துப் போட்டுட்டார். உன் புருஷனை மடையன்னு வாய் நிறையத் திட்டவும் செஞ்சார், பாவம். பயப்படாமப் படி. டாக்டர் கசோண்டே.'

லிகாண்டோ அதை இன்னொரு தடவை படித்தார். வெட்கமாகவும் இருந்தது, அவளை நினைத்தால் பெருமையாகவும் இருந்தது. போனை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, ஓசைப்படாமல் வாசலுக்கு நடந்தார்.

"நமு! காரைக் கழுவப் போறேன். ஒரு மணி நேரத்துக்கு உள்ளேயே வர மாட்டேன்!"

"காலையிலதானே கழுவினீங்க?" என்றாள் அவள், துணிக் குவியலோடு உள்ளே வந்தபடி.

"தினமும் ரெண்டு தடவை கழுவறதா இருக்கேன், உன் பரீட்சை முடியற வரைக்கும்," என்று வாசலிலிருந்து சொன்னார் அந்த மடையன்.