ரெண்டு அடுக்கு மழைக்கோட்டு

"ஆசையா வாங்கிட்டு வந்து கொடுத்திருக்கான். நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கிறே. உனக்கே இது நல்லா இருக்கா?"

கேட்டது நாத்தனார். வந்தவள் இன்னும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் தீர்ப்பு சொல்லியாயிற்று.

கட்டில்மேல் கிடந்தது அந்த மழைக்கோட்டு. கடையிலேயே விலை கூடியது. ரெண்டு அடுக்குத் துணி, உள்ளே கனமான லைனிங், கூடவே அதே துணியில் ஒரு பேன்ட். நாளைக் காலை மனைவி நடைக்குழுவோடு மலைப்பாதையில் நீண்ட நடைக்குக் கிளம்புகிறாள். அதற்காகக் கணவர் நேற்று வாங்கி வந்தது.

"கோட்டு நல்லாத்தான்க்கா இருக்கு. கனம்தான் ஜாஸ்தி."

"பின்னே, நீ வாங்கி வெச்சிருக்கியே, அது என்ன? தலையில மாட்டற சாக்கா?"

சாக்கு இல்லை. தலைவழியே மாட்டிக்கொள்ளும் மெல்லிய மழை அங்கி. முதுகுப்பையையும் சேர்த்து மூடிவிடும். மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். நடைபாதைக் கடையில் வாங்கியது என்பதால் நாத்தனார் கண்ணுக்கு அது சாக்கு.

"விடுக்கா," என்றார் கணவர், கதவோரமாக நின்றபடி. "அவ நனைஞ்சு நடுங்கிட்டுக் கிடந்தா எனக்கு இங்கே சோறு இறங்குமா? அந்தப் பயத்துலதான் வாங்கினேன்."

நாத்தனார் உருகிப்போனாள். "கேட்டுக்கோ. எங்க வீட்டுக்காரர் எனக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு குடை வாங்கிக் கொடுத்ததில்லை. மழை பெஞ்சா அவர் பாட்டுக்கு முன்னாடி ஓடிப் போய் நின்னுக்குவார்."

மனைவி குளியலறைக்கு வெளியே இருந்த எடை மெஷினில் ஏறினாள். முதலில் வெறும் ஆளாக. அப்புறம் பையோடு. கழித்துப் பார்த்தாள். கோட்டும் பேன்ட்டும் உள்ளே இருந்தால் ஏழு கிலோ எண்ணூறு.

"ஏழுக்கு மேல போனா டாக்டர் சேர்த்துக்க மாட்டாங்க," என்றாள்.

டாக்டர் என்றால் பல் டாக்டர். நடைக்குழுவின் தலைவி. ஒரு வருஷம் யாரோ பாதி வழியில் பையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட, மற்றவர்கள் மாற்றி மாற்றிச் சுமந்திருக்கிறார்கள். அதிலிருந்து, கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கையில் கொக்கித் தராசோடு வீடு வீடாக வந்துவிடுகிறார். அழுதாலும் பல்லைப் பிடுங்குகிற கை. தயவு தாட்சண்யம் பார்க்காது.

"ஏழு கிலோவா? இப்படி ஒரு சட்டம் இருக்கா?" கணவர் ஆச்சரியப்பட்டார். "எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லேசானதாப் பார்த்து வாங்கியிருப்பேனே."

"சரி, வேற எதையாவது எடுத்து வெளியே போடு," என்றாள் நாத்தனார்.

"எதைப் போடறது? தூங்கற பையையா? துண்டையே பாதியா வெட்டித்தான் வெச்சிருக்கேன்."

"அப்போ அடுத்த வருஷம் போயேன். மலை எங்கேயும் ஓடிடாது."

மலை ஓடாது. முழங்கால்தான் காத்திருக்காது. போன வருஷம் மாமியாரின் கண் ஆபரேஷன். அதற்கு முந்தின வருஷம் மகளின் பரீட்சை. இந்த வருஷம் தண்ணீர் பாட்டில்களைப் பையில் அடைத்துக்கொண்டு நாலு மாடியும் ஏறி இறங்கிப் பழகியிருக்கிறாள்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஆசையாய் வாங்கி வந்தவர் முகத்தைப் பார்த்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு பையோடு மாடி ஏறிப்போய்த் திரும்பி வந்தாள். வெளியே ஒரு பொட்டு மழை இல்லை. உள்ளே ரவிக்கை வியர்வையில் தொப்பலாகி இருந்தது.

அடுத்து மெல்லிய அங்கி. பையையும் முதுகில் மாட்டிக்கொண்டு நேராக ஷவரின் கீழே போய் நின்றாள்.

"தம்பி, இவளுக்குப் புத்தி பிசகிடுச்சுடா."

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். பை காய்ந்தே இருந்தது. அவளும்தான். முழங்காலுக்குக் கீழே மட்டும் ஈரம்.

"முள்ளுல மாட்டினா கிழிஞ்சிடுமே," என்றார் கணவர்.

"ஒட்டறதுக்கு டேப் இருக்குங்க."

கோட்டையும் பேன்ட்டையும் மடித்து அவர் கையில் கொடுத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. திரும்பி வந்ததும் நானே போட்டுக்கறேன். நீங்க ஆசையா வாங்கினது, வீணாப் போகாது."

அவர் முகம் சுண்டிப்போனது. போய் ஹாலில் உட்கார்ந்தார்.

"கல்நெஞ்சுக்காரி," என்று நாத்தனார் முணுமுணுத்தது சமையலறை வரை கேட்டது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு டாக்டர் வந்தார். கொக்கியில் பையை மாட்டித் தூக்கினார்.

"ஆறு எழுநூறு. நாளைக்குக் காலையில வந்துடுங்க."

மனைவிக்கு மூச்சு வந்தது. டாக்டர் தராசை மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டே ஹாலில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்.

"இனிமே நிம்மதியா இருங்க சார். போன வாரம் கிளினிக்குக்கு போன் பண்ணி, எத்தனை கிலோ தாண்டினா கண்டிப்பா சேர்த்துக்க மாட்டீங்கன்னு அத்தனை தடவை கேட்டீங்களே, பாவம், அப்பவே நினைச்சேன், மனைவியால எங்கே போக முடியாமப் போயிடுமோன்னு இவருக்குத்தான் எவ்வளவு கவலைன்னு."