ரெண்டு கட்டை கீழே

"இந்தப் பாட்டு வேண்டாம்," என்றாள் கறார் அக்கா.

இது ஏழாவது பாட்டு.

மாத்திரைக் கம்பெனியின் சாப்பாட்டு அறை அது. ஆண்டு விழாவில் பேக்கிங் பிரிவுப் பெண்கள் கரோக்கியில் பாட வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பாட்டு லிஸ்ட் போடும் வேலை ஆபீஸ் கிளார்க்கின் தலையில் விழுந்தது. அவள் நோட்டும் பேனாவுமாக வந்து அரை மணி நேரம் ஆகிறது. நோட்டில் இதுவரை தேதி மட்டும்தான் ஏறியிருந்தது.

"இதுக்கு என்னக்கா குறை?"

"உச்சிக்குப் போகுது. பொம்பளைங்க பாட வசதியா இருக்கணும்ல?"

"இது பொம்பளை பாடின பாட்டுதானே அக்கா?"

"பாடின பொம்பளை வேற. நாம எட்டு மணி நேரம் நின்னு பெட்டி ஒட்டுற பொம்பளைங்க. ரெண்டு கட்டை இறக்கிப் போடு, பார்ப்போம்."

கிளார்க் போனில் சுருதியை இறக்கினாள். பாட்டு ஜலதோஷம் பிடித்த மாதிரி வந்தது.

"இப்ப சரி. எழுதிக்கோ."

அக்காவுக்குத் தரம் பார்க்கிற வேலை. ஒரு மாத்திரையின் ஓரம் பிசிறியிருந்தாலும் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவாள். பாட்டிலும் அதே கதைதான். ஆம்பளை பாடிய பாட்டு அடி மட்டத்துக்கு இறங்குது என்றாள். பொம்பளை பாடியது கூரை மேல ஏறுது என்றாள். எந்தப் பாட்டானாலும் அதில் ஏறும் இடத்தை ரெண்டு தடவை போட்டுக் கேட்ட பிறகுதான் தலையாட்டினாள்.

அங்கே உட்கார்ந்திருந்த எட்டுப் பெண்களில் ஒருத்திக்கு இந்த வசதியெல்லாம் தேவையே இல்லை. அவளுக்குக் குயில் என்று பேர் விழுந்து நாலு வருஷமாகிறது. போன வருஷம் அவள் பாடிய ஆற்றுப் பாட்டில், மேலே போய் நின்ற இடத்தில், மேனேஜரே காபியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

"குயில் இருக்கிறப்ப நமக்கென்னக்கா கவலை? ஆத்துப் பாட்டை அவ தனியா பாடட்டும்," என்றாள் லேபிள் ஒட்டுகிறவள்.

குயில் காலி டப்பாவையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தனிப் பாட்டெல்லாம் கிடையாது," என்றாள் அக்கா. "எட்டுப் பேரும் சேர்ந்துதான். வருஷா வருஷம் அவதான் பாடணும்னு சாசனமா எழுதி வச்சிருக்கு?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. அக்கா எழுந்து போனதும் திறந்தார்கள்.

"தனக்கு வராதது அடுத்தவளுக்கும் வரக் கூடாது. அதான் விஷயம்."

"வயித்தெரிச்சல், வேறென்ன."

"விடுங்க," என்றாள் குயில்.

அந்த 'விடுங்க' கிளார்க்கை என்னவோ செய்தது. வாயில்லாப் பூச்சியை இப்படிப் போட்டு நசுக்குகிறார்களே என்று இருந்தது. லிஸ்டை டைப் அடிக்க உட்கார்ந்தவள், அக்கா ஒப்புக்கொண்ட ஐந்து பாட்டுக்கும் கீழே ஆற்றுப் பாட்டையும் சேர்த்தாள். பக்கத்தில் 'குயில், தனி' என்று அடித்தாள். சுருதியை இறக்கவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு நியாயத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு வீட்டுக்குப் போனாள்.

விழாவுக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள். எட்டுப் பேரும் சேர்ந்து பாடிய ஐந்து பாட்டும் பழுதில்லாமல் போயின. யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. கைதட்டலும் அளவாகத்தான் வந்தது.

"அடுத்து நம்ம குயில், தனியா," என்று கிளார்க் அறிவித்தாள்.

கூட்டம் விசிலடித்தது. ஆற்றுப் பாட்டின் இசை ஓட ஆரம்பித்தது. கிளார்க் நீட்டிய மைக்கைக் குயில் வாங்கவில்லை. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

கறார் அக்கா வரிசையை விட்டு வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"இதை நான் பாடுறேன்," என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "ரொம்ப நாள் ஆசை."

பாடினாள். முதல் ரெண்டு வரி எப்படியோ தேறின. மேலே ஏறும் இடத்தில் குரல் கீச்சென்று கிளம்பி நடுவழியில் உடைந்தது. அக்கா நிறுத்தவில்லை. அந்த இடம் திரும்பத் திரும்ப வந்தது, அவளும் ஒவ்வொரு தடவையும் போய் முட்டினாள். முன் வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு கடைசி வரிசை வரை போனது. மேனேஜர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். லோடு ஏற்றும் ஆட்கள் 'ஒன்ஸ் மோர்' கேட்டார்கள். அக்கா பாட்டை முழுசாக முடித்து, மைக்கை அதன் கம்பியில் சரியாக மாட்டிவிட்டு இறங்கினாள்.

கிளார்க்குக்கு ரத்தம் கொதித்தது. மேடைக்குப் பின்னால் ஓடினாள். அங்கே நாற்காலிகளுக்கு நடுவே குயில் அழுதுகொண்டிருந்தாள்.

"அழாதம்மா. நான் மேனேஜர்கிட்ட சொல்றேன். உன் பாட்டைப் பிடுங்கினவங்களைச் சும்மா விடக் கூடாது."

"அந்தப் பாட்டை லிஸ்ட்ல போட்டது யாரு மேடம்?"

"நான்தான். உனக்காகத்தான்."

குயில் சுடிதாரின் காலர் பட்டனைக் கழற்றினாள். கழுத்தின் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு, இன்னும் சிவப்பு மாறாமல் இருந்தது.

"ஊருக்குப் போறேன்னு லீவு போட்டேனே, அது இதுக்குத்தான். பேச்சுக்கு ஒண்ணுமில்ல. மேல ஏறுனா வெறும் காத்துதான் வருது. குயில்னு கூப்பிடுறீங்க, அந்தப் பேரு போயிடுமேன்னு யார்கிட்டயும் சொல்லல. கூட வந்து ஆஸ்பத்திரியில இருந்த அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவங்க ஒத்துக்கிட்ட அஞ்சு பாட்டும் என் தொண்டைக்கு அளவெடுத்தது மேடம்."