விசிறிக்குப் பிடித்த பிராசசர்

ஒரு கணினிப் பெட்டிக்குள் கிழட்டு விசிறி ஒன்று இருந்தது. கணினியின் மூளையான பிராசசர் சூடானால் காற்று வீசுவது அதன் வேலை. வீசிக்கொண்டே திட்டுவது அதன் வழக்கம்.

பழைய பிராசசர் செத்துப்போனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன கடையில் விலை உயர்ந்த இரண்டு பிராசசர்கள் காத்திருந்தன.

"எது சத்தமில்லாம ஓடுதோ அதைக் கொடுங்க," என்றார் பெட்டியின் சொந்தக்காரர் அமலதாஸ்.

முதலாவதை மாட்டினார்கள். "பெரியவரே, எனக்குச் சூடே ஏறாது. நீங்க பேசாம தூங்குங்க," என்றது அது, மரியாதையாக.

விசிறிக்குச் சுருக்கென்றது. தூங்குகிற விசிறியைக் கழற்றிப் போட எவ்வளவு நேரமாகும்? வேலையே இல்லாமல் கடகடவென்று இருமித் தள்ளியது. அமலதாஸ் முகம் சுளித்தார்.

இரண்டாவது, மாட்டியதுமே அலறியது. "வேகுதே! யோவ் பெரிசு, என்னய்யா பார்த்துக்கிட்டு நிக்கிறே? வீசு!"

"மரியாதை கெட்ட பயல்," என்று மனசுக்குள் வைத விசிறி, பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூட வெளியே கேட்காமல் சுழன்றது.

"இதுவே இருக்கட்டும்," என்றார் அமலதாஸ்.

வீட்டுக்குப் போய்ப் பொத்தானை அழுத்திய பிறகுதான் விசிறி வாயைத் திறந்தது. "அடுப்பிலே பிறந்தவனே! உனக்கு வீசியே என் ஆயுசு போகப்போகுது!" என்று தெருவுக்கே கேட்கும்படி திட்டிக்கொண்டு, கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வீசியது.