அருள்வாக்கு டிரம்

ஊரில் குழாய்த் தண்ணீர் நின்றுபோன பிறகு, அந்த அடுக்குமாடியே மொட்டைமாடியில் தவமணி செய்து வைத்த வடிகட்டியை நம்பித்தான் இருந்தது. நீல டிரம்முக்குள் கூழாங்கல், கரி, மேலே மணல். தண்ணீர் கெட்டால் எச்சரிக்க, பழைய வாஷிங்மெஷினிலிருந்து கழற்றிய பேசும் சிப் ஒன்றையும் பொருத்தியிருந்தாள்.

ஆயுத பூஜையன்று அவள் கணவன் பொன்னுத்துரை டிரம்முக்குப் பட்டை போட்டுப் பொட்டு வைத்தான். அதோடு விட்டானா? மணல் மேலும் ஒரு கிண்ணம் குங்குமத்தைக் கொட்டினான்.

டிரம்மிலிருந்து செக்கச்செவேலென்று தண்ணீர் வந்தது. கூடவே குரலும் வந்தது: "இதைக் குடித்தால் வயிற்றுப்போக்கு வரும். மணலைக் கழுவவும்."

"அருள்வாக்கு!" என்று எதிர்வீட்டுச் செல்லக்கிளி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் உள்ளங்கையைக் குழித்துத் தீர்த்தம் வாங்கினார்கள்.

"அக்கா, அது சாமியில்ல, சிப்பு! தள்ளுங்க, மணலை அலசணும்."

"மணல் அள்ளுற கரண்டி பூஜையில இருக்குடி. இன்னைக்கு எடுக்கலாமா? நாளைக்கு அலசிக்கோ" என்றாள் செல்லக்கிளி.

மறுநாள் விடிந்ததும் எந்த வீட்டுக் கழிவறையும் காலியில்லை. இனியாவது புத்தி வந்திருக்கும் என்று தவமணி கரண்டியோடு மாடியேறினாள்.

டிரம்முக்கு எலுமிச்சை மாலை விழுந்திருந்தது. செல்லக்கிளி ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி மறுகையால் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சொன்னது சொன்னபடி பலிச்சிருச்சே, தவமணி! அப்படியே எம்மகளுக்குக் கல்யாணம் எப்போன்னு கேட்டுச் சொல்லேன்."